கேபிளைப் பிடுங்கினால் கெர்னல் ஏன் விழுகிறது? சுங்கை சிப்புட் தம்பிக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து எடை மேடை ஆபீசில் வேலை பார்க்கும் தம்பி, லாரியின் எடையைக் காட்டும் கருவியிலிருந்து யூஎஸ்பி வழியாக எண்ணைப் படிக்க லினக்ஸில் சின்ன டிரைவர் ஒன்றை, அதாவது இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் ஓடிக் கருவியோடு பேசும் நிரலை, எழுதியிருக்கிறார். கேபிள் செருகியிருக்கும்வரை எல்லாம் நன்றாக ஓடுகிறது. நிரல் படித்துக்கொண்டிருக்கும்போது யாராவது கேபிளைப் பிடுங்கிவிட்டால் ஒரு நாள் கெர்னல் ஊப்ஸ் அடிக்கிறது, அதாவது தனக்குள்ளேயே பிழை நடந்துவிட்டது என்று லாக்கில் எழுதுகிறது. இன்னொரு நாள் ஊப்ஸ் இல்லை, ஆனால் நிரல் அப்படியே தொங்குகிறது, மறுபடி செருகினாலும் எதுவும் அசையவில்லை. "கேபிள் போனதும் கெர்னல் அழைக்கும் டிஸ்கனெக்ட் ஃபங்ஷனில் எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது? ஆபீஸ் கிராணி (எழுத்தர்) கேபிளைத் தொடாமல் இருக்க ஏதாவது வழி உண்டா?" என்று கேட்கிறார்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. கேபிள் பிடுங்கப்படாமல் தடுக்க வழி கிடையாது. மெஷின் ஓடும்போதே செருகலாம், ஓடும்போதே எடுக்கலாம் என்பதற்காகத்தான் யூஎஸ்பியையே வடிவமைத்தார்கள். தட்டையான யூஎஸ்பி பிளக்கின் வாயைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மின்சாரம் போகும் ஓரத்துத் தகடுகள் இரண்டும் நீளமாக இருக்கும், நடுவில் உள்ள டேட்டா தகடுகள் இரண்டும் குட்டையாக இருக்கும். செருகும்போது மின்சாரம் முதலில் சேரும், எடுக்கும்போது டேட்டா முதலில் விடுபடும். பிடுங்குவது விபத்து அல்ல, எதிர்பார்த்த வேலைதான் என்று அந்தத் தகடுகளிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

கை படாமலேயே சாதனம் காணாமல் போவதும் உண்டு. பேராக்கில் மாலையில் இடி மின்னலோடு மழை இறங்குவதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எடை மேடையோ வெட்டவெளியில் நிற்கிறது, கேபிள் நீளம், பக்கத்தில் ஆலையின் பெரிய மோட்டார்கள். மின்காந்தக் குறுக்கீடு வந்தால் யூஎஸ்பி ஹப் (போர்ட்டுகளைக் கவனிக்கும் பகுதி) தன் போர்ட்டைத் தானே முடக்கிவிடும். லினக்ஸ் கெர்னலில் இதற்கென்றே ஒரு செய்தி இருக்கிறது: போர்ட்டை ஹப் முடக்கிவிட்டது, குறுக்கீடாக இருக்கலாம், மறுபடி இயக்குகிறேன் என்று கேள்விக்குறி போட்டே லாக்கில் எழுதும். கெர்னலைப் பொறுத்தவரை கிராணியின் கையும் மின்னலும் ஒன்றுதான். கிராணிக்கு எவ்வளவு சொல்லி வைத்தாலும் மின்னலுக்குச் சொல்ல முடியாது. அதனால் பழியை அவர் மேல் போடாமல் டிரைவரைச் சரிசெய்வோம்.

இதில் அவசரமும் இருக்கிறது. பறித்த பழக்குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் இறங்கும். எடை மேடை மெஷின் ரீபூட் ஆகும்வரை லாரிகள் வரிசையில் நிற்பதைத் தோட்டத்தில் யாரும் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சரி, இப்போது உங்கள் டிரைவருக்குள் வருவோம். ஊப்ஸ், தொங்கல் இரண்டுக்கும் அடியில் ஒரே குழப்பம் இருக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் டிரைவரில் இரண்டு ஆயுள்கள் ஓடுகின்றன. ஒன்று, வெளியே இருக்கும் கருவியின் ஆயுள். அது கேபிள் விடுபடும் நொடியில் முடிந்துவிடுகிறது. இன்னொன்று, அந்தக் கருவிக்காகக் கெர்னல் மெமரியில் நீங்கள் வைத்திருக்கும் ஸ்ட்ரக்சரின், அதாவது தகவல் தொகுப்பின், ஆயுள். அதைக் கடைசியாகப் பிடித்திருப்பவர் விடும்போதுதான் அது முடிய வேண்டும். தோட்டம் விலை போய் வேலை நின்ற பிறகும் லயத்து வீடுகளில் குடும்பங்கள் இருந்ததை நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தோட்டம் மூடிய நாள் வேறு, கடைசிக் குடும்பம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு வீட்டை இடிக்கும் நாள் வேறு. ஆள் உள்ளே இருக்கும்போதே வீட்டை இடித்தால் என்ன ஆகுமோ அதுதான் உங்கள் ஊப்ஸ்.

உங்கள் டிஸ்கனெக்ட் என்ன செய்கிறது என்று நீங்கள் எழுதியதிலிருந்தே புரிகிறது: கேபிள் போனதும் ஸ்ட்ரக்சரை உடனே விடுவித்துவிடுகிறது. ஆனால் எடை படிக்கும் நிரல், கருவியோடு பேச வாசலாக இருக்கும் அந்தச் சாதனக் கோப்பை இன்னும் திறந்தே வைத்திருக்கிறது. அடுத்து அது ரீட் செய்தாலும், வெறுமனே க்ளோஸ் செய்தாலும், விடுவிக்கப்பட்ட மெமரியைத்தான் தொடும். சில நாள் அந்த மெமரி இன்னும் கலையாமல் இருக்கும், அன்றைக்குத் தப்பித்துவிடுவீர்கள். வேறு யாராவது அதை எடுத்துப் பயன்படுத்திவிட்ட நாளில் ஊப்ஸ். ஒரு நாள் வருகிறது, ஒரு நாள் வரவில்லை என்று நீங்கள் சொன்னதற்கு இதுதான் காரணம்.

இந்த இடத்தில் பலரும் கேட்பார்கள்: ஃபைல் ஆபரேஷன்ஸில் (ஓப்பன், ரீட் போன்ற ஃபங்ஷன்களின் பட்டியலில்) ஓனராக என் டிரைவர் மாட்யூலைப் போட்டிருக்கிறேனே, கோப்பு திறந்திருக்கும்வரை மாட்யூலை அகற்ற முடியாதே, அப்புறம் என்ன? அந்தப் பாதுகாப்பு உங்கள் புரோகிராம் கோடுக்கு (code) மட்டும்தான். கோப்பு திறந்திருக்கும்போது டிரைவர் மாட்யூலை யாரும் இறக்க முடியாது, உண்மை. ஆனால் கேபிள் பிடுங்கப்படுவதை அது நிறுத்தாது, உங்கள் ஸ்ட்ரக்சரையும் காக்காது. ஸ்ட்ரக்சரைக் காக்க அதற்கென்று தனி எண்ணிக்கை வேண்டும். எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ண கெர்னலில் கேரெஃப் (kref) இருக்கிறது. ப்ரோப்பில், அதாவது கருவியைச் செருகியதும் கெர்னல் அழைக்கும் ஃபங்ஷனில், எண்ணிக்கை ஒன்றில் தொடங்கும், ஒவ்வொரு ஓப்பனும் ஒன்று கூட்டும், ஒவ்வொரு க்ளோஸும் ஒன்று குறைக்கும், டிஸ்கனெக்ட்டும் தன் பங்குக்கு ஒன்று குறைக்கும். யார் கடைசியாகக் குறைக்கிறாரோ அவர் கையில்தான் விடுவிப்பு நடக்க வேண்டும். விடுவிக்கும் வரியை டிஸ்கனெக்ட்டிலிருந்து எடுத்துவிட்டு கேரெஃப்பின் ரிலீஸ் ஃபங்ஷனில் வையுங்கள். கெர்னல் மூலக் கோடில் யூஎஸ்பி டிரைவர்களின் மாதிரியாக ஸ்கெலிட்டன் என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதை வரி வரியாகப் படியுங்கள். கேரெஃப், மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் பூட்டு), துண்டிக்கப்பட்டதா என்ற கொடி மூன்றும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் கோடை நான் பார்த்ததில்லை.

விண்டோஸில் எழுதிப் பழகியவர்கள் லினக்ஸுக்கு வரும்போது இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். விண்டோஸில் நீங்கள் ஐகானை அழுத்திச் சாதனத்தை அகற்றக் கேட்டால், கெர்னல் முதலில் டிரைவரிடம் அகற்றலாமா என்று கேட்கும். யாராவது மறுத்தால் சாதனம் பயன்பாட்டில் இருக்கிறது என்ற அறிவிப்பு வரும். திடீரென்று பிடுங்கிவிட்டால் கேள்வி கிடையாது, போய்விட்டது என்ற தகவல் மட்டும் வரும். ஆனால் அப்போதும்கூட, திறந்திருக்கும் ஹேண்டில்கள் எல்லாம் மூடிய பிறகுதான் கடைசி அகற்றல் கட்டளை டிரைவருக்கு வரும். லினக்ஸ் அப்படிக் காத்திருக்காது. எத்தனை கோப்புகள் திறந்திருந்தாலும் டிஸ்கனெக்ட் உடனே அழைக்கப்படும், அதற்கு ரிட்டர்ன் மதிப்பே இல்லை, அதனால் மாட்டேன் என்று சொல்லவும் முடியாது. காத்திருக்கும் பொறுப்பு முழுவதும் டிரைவர் எழுதுபவரின் தலையில். ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்தில் சாதனக் கோப்பை அழிக்கும் ஃபங்ஷன், டிரைவருக்குள் இருக்கும் திரெட்கள் வெளியேறும்வரை தானே காத்து நிற்கும். லினக்ஸிலும் அப்படி ஒன்று பொதுவாக இருந்தால் எத்தனையோ டிரைவர்களில் இந்தப் பிழை வந்திருக்காது என்பது என் கருத்து.

இப்போது வரிசை. முதலில் வாசலை மூடுங்கள்: சாதனக் கோப்பைப் பதிவிலிருந்து நீக்கினால் புதிதாக யாரும் ஓப்பன் செய்ய முடியாது. ஓப்பன் செய்பவர் ஸ்ட்ரக்சரைத் தேடி எடுப்பதற்கும் கேரெஃப்பைக் கூட்டுவதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் டிஸ்கனெக்ட் நுழைந்து கடைசி எண்ணிக்கையைக் குறைத்துவிட்டால் கேரெஃப் இருந்தும் பயனில்லை. தேடுவதும் கூட்டுவதும் ஒரே பூட்டுக்குள் நடக்க வேண்டும், பதிவிலிருந்து நீக்குவதும் அதே பூட்டை மதிக்க வேண்டும். யூஎஸ்பி மைனர் எண் (சாதனக் கோப்பை அடையாளம் காட்டும் எண்) வழியாகப் பதிவு செய்தால் கெர்னலே இந்தப் பூட்டைப் பார்த்துக்கொள்ளும். நீங்களே சொந்தமாக ஒரு பட்டியல் வைத்திருந்தால் உங்கள் பொறுப்பு.

அடுத்து மியூடெக்ஸைப் பிடித்துத் துண்டிக்கப்பட்டது என்ற கொடியைப் போடுங்கள், மியூடெக்ஸை விடுங்கள். ரீட், ரைட் எல்லாம் வேலை தொடங்கும் முன் அதே மியூடெக்ஸைப் பிடித்து அந்தக் கொடியைப் பார்க்க வேண்டும். கொடி இருந்தால் சாதனம் இல்லை என்ற பிழை எண்ணோடு, அதாவது ஈநோடெவ்வோடு (ENODEV), திரும்ப வேண்டும். அதன் பிறகு ஓடிக்கொண்டிருக்கும் யூஆர்பிகளை (யூஎஸ்பி வழியாக டேட்டா கேட்டு அனுப்பிய கோரிக்கைகளை) நிறுத்துங்கள். இதற்கு கில், பாய்சன் என்று இரண்டு ஃபங்ஷன்கள் உண்டு. இரண்டுமே யூஆர்பி முடிந்து, முடிந்ததும் அழைக்கப்படும் அதன் கம்ப்ளீஷன் ஃபங்ஷன் வெளியே வரும்வரை காத்திருக்கும். பாய்சன் செய்தால் அதே யூஆர்பியை மறுபடி அனுப்பவும் முடியாது. அகற்றலுக்கு நான் பாய்சனைத்தான் விரும்புவேன். பிறகு காத்திருப்பு வரிசையில் தூங்குகிறவர்களை எழுப்புங்கள், போல் (poll) அழைப்பில் காத்திருப்பவர்களுக்கு ஹேங்கப், அதாவது இணைப்பு முடிந்தது, என்று காட்டுங்கள். எல்லாம் முடிந்த பிறகு உங்கள் பங்கு கேரெஃப்பைக் குறைத்துவிட்டு வெளியே வாருங்கள்.

உங்கள் தொங்கலின் காரணம் இந்த வரிசையில்தான் ஒளிந்திருக்கிறது. ரீட் ஃபங்ஷன் மியூடெக்ஸைப் பிடித்துக்கொண்டே டேட்டாவுக்காகத் தூங்குகிறதா என்று பாருங்கள். தூங்கினால், டிஸ்கனெக்ட் அதே மியூடெக்ஸுக்காக நிற்கும், ரீட் வராத டேட்டாவுக்காக நிற்கும், இரண்டும் நகராது. டிஸ்கனெக்ட்டை அழைப்பது அந்தச் சாதனம் செருகியிருக்கும் ஹப்பைக் கவனிக்கும் கெர்னல் வேலை. அது மாட்டிக்கொண்டால் அதே ஹப்பில் வேறு எதைச் செருகினாலும் கெர்னல் கண்டுகொள்ளாது. மறுபடி செருகினாலும் அசையவில்லை என்று நீங்கள் சொன்னது இதைத்தான். லாக்கில் ஒரு டாஸ்க் 120 நொடிக்கு மேல் மாட்டிக்கொண்டிருப்பதாக எச்சரிக்கை வந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். தூங்கும் முன் மியூடெக்ஸை விடுங்கள், எழுந்ததும் மறுபடி பிடித்துக் கொடியை மறுபடி பாருங்கள். தூங்கும்போது எதற்காகக் காத்திருக்கிறோம் என்ற நிபந்தனையிலும் அந்தக் கொடியைச் சேருங்கள், இல்லாவிட்டால் எழுப்பினாலும் டேட்டா இன்னும் வரவில்லையே என்று திரும்பப் படுத்துவிடும்.

கம்ப்ளீஷன் ஃபங்ஷனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கேபிள் போன நொடிக்கும் ஹப் அதைக் கெர்னலுக்குத் தெரிவித்து டிஸ்கனெக்ட் வரும் நொடிக்கும் நடுவில் கொஞ்ச நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் யூஆர்பிகள் புரோட்டோகால் பிழையோடு திரும்பி வரும், சாதனம் போய்விட்டது என்ற பிழையோடு வராது. பிழை எதுவானாலும் உடனே மறுபடி அனுப்பு என்று நீங்கள் எழுதியிருந்தால் அது சுழன்று சுழன்று லாக்கை நிரப்பும், சிபியூவைத் தின்னும். தொடர்ந்து பிழை வந்தால் கொஞ்சம் இடைவெளி விட்டு அனுப்புங்கள், சில தடவைக்கு மேல் போனால் நிறுத்திவிடுங்கள். நிறுத்தப்பட்டதாகவோ சாதனம் அணைந்ததாகவோ வரும் பிழைகளுக்கு மறுபடி அனுப்பவே கூடாது.

டைமரும் வொர்க்கும் (பிறகு செய்ய வரிசையில் போடும் வேலை) வைத்திருந்தால் அவையும் நிற்க வேண்டும். டைமர் வொர்க்கை வரிசையில் போடுகிறது, வொர்க் மறுபடி டைமரை ஓட்டுகிறது என்றால், எதை முதலில் நிறுத்தினாலும் மற்றது அதை எழுப்பிவிடும். லினக்ஸ் 6.2-இல் வந்த டைமர் ஷட்டவுன் ஃபங்ஷன் இதற்காகத்தான்: அதன் பிறகு அந்த டைமரை யார் ஓட்ட முயன்றாலும் கெர்னல் பேசாமல் ஒதுக்கிவிடும். அதை அழைத்துவிட்டு வொர்க்கை ரத்து செய்தால் போதும்.

டெவ்எம் (devm) என்று தொடங்கும் ஃபங்ஷன்களைப் பயன்படுத்தியிருக்கிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் உடனே பாருங்கள், ஏனென்றால் பயிற்சிப் பாடங்களில் எல்லாம் இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுக்கிறார்கள். டெவ்எம் மூலம் எடுத்த மெமரியைக் கெர்னல் தானாகவே விடுவிக்கும், எழுதுபவருக்கு நிம்மதி. ஆனால் எப்போது விடுவிக்கும்? டிரைவர் சாதனத்திலிருந்து பிரிந்ததும், அதாவது டிஸ்கனெக்ட் முடிந்து திரும்பியதும். கோப்பு திறந்திருக்கிறதா என்று அது பார்க்காது. கேரெஃப் எல்லாம் அழகாக எழுதிவிட்டு, ஸ்ட்ரக்சரை மட்டும் டெவ்எம் வழியாக எடுத்திருந்தால் பழைய ஊப்ஸ் அப்படியே திரும்பி வரும். கோப்பு வழியாகப் பயனர் தொடக்கூடிய எதையும் டெவ்எம்மில் எடுக்காதீர்கள், சாதாரணமாக எடுத்து ரிலீஸில் விடுவியுங்கள். இதற்கு நேர்மாறான பொறியும் உண்டு. இன்டரப்டை (சாதனம் கெர்னலைக் கூப்பிடும் சமிக்ஞையை) டெவ்எம் வழியாகக் கேட்டு வாங்கியிருந்தால் அது டிஸ்கனெக்ட் முடிந்த பிறகுதான் விடுபடும். டிஸ்கனெக்ட்டுக்குள் நீங்கள் கையால் விடுவித்த மெமரியை, அதற்குள் வரும் ஒரு இன்டரப்ட் தொட்டுவிடலாம்.

உங்கள் கருவி யூஎஸ்பி என்பதால் கணினிக்குள் செருகும் பிசிஐ அட்டைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன், நாளைக்குத் தேவைப்படும். யூஎஸ்பியில் சாதனம் போனால் பிழை எண் வரும். பிசிஐ எக்ஸ்பிரஸில் சாதனம் போன பிறகு அதன் நிலையைக் காட்டும் ரெஜிஸ்டரைப் படித்தால் பிழை வராது, 32 பிட்டும் 1 ஆக ஒரு எண் வரும். வேலை முடியும்வரை பிஸி பிட் 1 ஆக இருக்கும், 0 ஆகும்வரை சுற்றிக்கொண்டிரு என்று எழுதிய லூப் முடிவில்லாமல் ஓடும். எல்லா பிட்டும் 1 என்று வந்தால் சாதனம் இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும், எந்தக் காத்திருப்பு லூப்புக்கும் ஒரு நேர வரம்பு இருக்க வேண்டும்.

பென்டிரைவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் பாதுகாப்பாக அகற்றுவது என்றால் பெரும்பாலானவர்களுக்கு நினைவில் வருவது அதுதான். அங்கே பிரச்சினை வேறு. நீங்கள் காப்பி செய்த கோப்பு முதலில் மெயின் மெமரியில்தான் உட்காரும். லினக்ஸின் இயல்பான அமைப்பில் எழுத வேண்டிய பக்கம் 30 நொடி பழசானால் எழுதும் தகுதிக்கு வரும், எழுதும் திரெட் 5 நொடிக்கு ஒருமுறை எழுந்து பார்க்கும். திரையில் காப்பி முடிந்தது என்று வந்த பிறகும் பென்டிரைவில் பாதிகூடப் போய்ச் சேராமல் இருக்கலாம். அதனால்தான் மிச்சத்தை எழுதி முடித்துப் பிரிக்கும் அன்மவுண்ட்டைச் செய்ய வேண்டியிருக்கிறது. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து வெளிச் சாதனங்களுக்கு விரைவு அகற்றல் என்பதையே இயல்பாக வைத்துவிட்டார்கள், எழுதும் கேஷ் இல்லாமல். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கினால் அங்கேயும் கோப்பு கெடும். உங்கள் எடைக் கருவியில் எழுதி முடிக்க வேண்டியது எதுவும் இல்லை, எண்ணைப் படிக்க மட்டுமே செய்கிறீர்கள். எனவே அகற்றும் பொத்தான், அகற்றும் கட்டளை எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. திடீர் அகற்றலை டிரைவர் தாங்கினால் போதும்.

தம்பி, ஒன்று கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சொந்த டிரைவர் உண்மையிலேயே வேண்டுமா? கருவியிலிருந்து வருவது சீரியல் போர்ட் என்றால், நடுவில் இருக்கும் மாற்றி பெரும்பாலும் எஃப்டிடிஐ, சிஎச்340, பிஎல்2303 மாதிரி ஒரு சிப்பாகத்தான் இருக்கும். இவற்றுக்கெல்லாம் கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறது, பல வருடங்களாக ஆயிரக்கணக்கான பேர் பிடுங்கிப் பிடுங்கிச் சோதித்த கோடு. அது இல்லாத வேறு வகைக் கருவி என்றாலும் லிப்யூஎஸ்பி என்ற நூலகம் வழியாகச் சாதாரண நிரலிலிருந்தே பேசலாம். அங்கே தவறு நடந்தால் நிரல் மட்டும் விழும், மெஷின் விழாமல் ஓடும். எடை மேடையில் ஓடப்போகும் விஷயத்துக்கு நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். கற்றுக்கொள்வதற்காக டிரைவர் எழுதுகிறீர்கள் என்றால் எழுதுங்கள், நல்ல விஷயம், நம் பிள்ளைகள் இந்தப் பக்கம் இன்னும் நிறைய வர வேண்டும். ஆனால் வேறொரு மெஷினில் எழுதுங்கள்.

எந்த வழியில் போனாலும் படிக்கும் நிரலும் தன் பங்கைச் செய்ய வேண்டும். சாதனம் இல்லை என்ற பிழை வந்ததும் கோப்பை மூட வேண்டும். மூடாமல் பிடித்துக்கொண்டே இருந்தால், மறுபடி செருகும்போது பழைய எண் விடுபடாததால் டிடிஒய்யூஎஸ்பி0 (ttyUSB0) என்று இருந்த கோப்பின் பெயர் டிடிஒய்யூஎஸ்பி1 ஆகிவிடும், நிரல் பழைய பெயரிலேயே தேடிக்கொண்டிருக்கும். சாதனங்களுக்குப் பெயர் வைக்கும் யூடெவ்வில் விதி ஒன்று எழுதி, கருவிக்குச் சீரியல் எண் இருந்தால் அதை வைத்து நிலையான பெயர் கொடுத்துவிடுங்கள். கருவி திரும்பி வந்ததை யூடெவ் அறிவித்ததும் நிரல் அந்தப் பெயரைத் திறக்கட்டும்.

சோதிப்பதற்கு, கசான் (KASAN) என்ற மெமரிப் பிழை கண்டுபிடிப்பானைப் போட்டு கெர்னலை பில்ட் செய்யுங்கள். விடுவித்த மெமரியைத் தொட்ட உடனே, யார் விடுவித்தார் யார் தொட்டார் என்று இரண்டு பக்கத்தையும் அது காட்டும். கெர்னலின் உள்பொருள்களான கோபிஜெக்ட்களின் (kobject) ரிலீஸைத் தாமதப்படுத்தும் டீபக் தேர்வையும் போடுங்கள், அவசரப்பட்டு விடுவிக்கும் கோடு அதில் மாட்டும். நிரல் ரீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும்போது சிஸ்எஃப்எஸ்ஸில் (/sys அடைவில்) அந்தச் சாதனத்தின் ஆத்தரைஸ்டு கோப்பில் 0 எழுதினால், கேபிளைத் தொடாமலே டிஸ்கனெக்ட் வரும். அதை ஒரு ஸ்கிரிப்டில் போட்டு ராத்திரி முழுவதும் 0, 1 என்று மாற்றி மாற்றி ஓட விடுங்கள். அது மட்டும் போதாது. அப்படிப் பிரிக்கும்போது கருவி இன்னும் உயிரோடு பதில் சொல்லிக்கொண்டிருக்கும், நிஜமாகப் பிடுங்கும்போது பதிலே வராது. யூஆர்பிகள் திரும்பும் பிழையும் நேரமும் இரண்டிலும் வேறு. எனவே கையாலும் பிடுங்குங்கள்: ரீட் நடக்கும்போது ஒரு தடவை, ஓப்பன் செய்யும் அதே நொடியில் ஒரு தடவை, கோப்பைத் திறந்து வைத்து எதுவும் செய்யாமல் இருக்கும்போது ஒரு தடவை. ரிலீஸ் ஃபங்ஷனில் ஒரு பிரிண்ட் வரி போட்டு வையுங்கள். கடைசிச் சோதனையில் கேபிள் போனபோது அந்த வரி லாக்கில் வரக் கூடாது, நிரலை மூடிய பிறகு ஒரே ஒரு தடவை வர வேண்டும். வரவே இல்லை என்றால் எங்கோ ஒரு கேரெஃப் குறைக்கப்படாமல் நிற்கிறது. அப்போது ஓப்பன் ஃபங்ஷனில் பிழையோடு திரும்பும் பாதைகளை முதலில் பாருங்கள்.